ஐவர் கூட்டும் வெளியே நின்ற ஒருவரும்
வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் நான்கு, ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. காரணம் கடைசிப் பதிலில் தெரியும்.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை)ப் பழக்குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரி உரிமையாளர்கள் ஆறு பேர் இருக்கிறோம். போட்டி போட்டுக்கொண்டு வாடகையைக் குறைத்ததில் எல்லோருக்கும் கையைக் கடித்தது. டன்னுக்கு இவ்வளவு வாடகை, ஒரு நாளைக்கு இத்தனை நடைக்கு மேல் ஓட்டுவதில்லை என்று ஐந்து பேர் பேசி வைத்துக்கொண்டோம். ஆறாமவர் மட்டும், “நீங்கள் செய்யுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்” என்று ஒதுங்கிக்கொண்டார். இப்போது எங்களைவிட அவருக்குத்தான் வரும்படி அதிகம். அவரும் சேர்ந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே? ஏன் மறுக்கிறார்? நாங்கள் ஐவரும் இதுவரை பிரியாமல் இருப்பதற்கும் ஏதேனும் காரணம் உண்டா?
— லாரி உரிமையாளர் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: நீங்கள் செய்திருப்பது சட்டத்துக்கு உட்பட்டதா என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இப்பகுதியின் முடிவில் அதைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

உங்கள் ஆறாமவர் உங்களுக்குப் பகைவர் அல்லர், கணக்குத் தெரிந்தவர். நீங்கள் ஐவரும் நடைகளைக் குறைத்தால் வாடகை உயர்கிறது. குறைத்ததன் இழப்பை ஏற்பவர்கள் நீங்கள் ஐவர் மட்டுமே. உயர்ந்த வாடகையோ ஆறு பேருக்கும் கிடைக்கிறது. அவர் ஒரு நடையையும் விட்டுக்கொடுக்காமல், நீங்கள் விட்ட நடைகளையும் சேர்த்து ஓட்டிக்கொள்கிறார். கார்ட்டெல் எனப்படும் விலைக் கூட்டணிகளைப் பற்றிய பொருளியல் கோட்பாடு முழுவதற்கும் அடிப்படையான சிக்கல் இதுதான்: கூட்டணி ஒன்று அமைந்துவிட்டால், அதன் உள்ளே இருப்பவரைவிட வெளியே இருப்பவரே பெரும்பாலும் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்.

இதை எண்களில் காட்டுகிறேன். 1838இல் அன்டுவான் கூர்னோ என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அமைத்துத் தந்த மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஆறு பேருக்கும் செலவு ஒன்றே. ஒவ்வொருவரும் எவ்வளவு ஓட்டுவது என்று தாமே முடிவு செய்கிறார். மொத்த நடைகள் கூடக் கூட வாடகை சீராக இறங்குகிறது. கூட்டணியில் சேர்ந்தவர்கள் ஒரே நிறுவனம்போல் முடிவெடுத்து, இலாபத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். கீழே வரும் எண்களை ரிங்கிட்டாகக் கொள்ள வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் அலகுகளாக மட்டும் கொள்ளுங்கள்.

ஆறு பேரும் தனித்தனியே ஓட்டினால் ஆளுக்கு 144 கிடைக்கும். ஆறு பேரும் ஒன்றுசேர்ந்தால் மொத்தம் 1,764, அதாவது ஆளுக்கு 294. ஒருவர் வெளியே நின்று ஐவர் மட்டும் சேர்ந்தால், அந்த ஐவருக்கும் சேர்த்து 784, ஆளுக்கு 156.8. வெளியே நிற்கும் அந்த ஒருவருக்கும் 784! ஐவர் சேர்ந்து ஈட்டுவதை அவர் ஒருவரே ஈட்டிவிடுகிறார். உள்ளே வந்தால் 294, வெளியே நின்றால் 784 என்றிருக்கும்போது அவர் ஏன் வருவார்? “எல்லோருக்கும் நல்லது” என்று நீங்கள் சொல்வது ஆறு பேரின் மொத்தத்தைப் பொறுத்தவரை உண்மை. அவர் ஒருவரைப் பொறுத்தவரை உண்மையில்லை.

அப்படியானால் உங்கள் ஐவரில் இன்னொருவரும் ஏன் அவரைப் பின்பற்றி வெளியேறவில்லை? உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் ஈர்த்தது இந்தக் கேள்விதான். ஐவரில் ஒருவர் விலகினால் எஞ்சுவது நால்வர். நால்வர் கூட்டணிக்கு மொத்தம் 441தான், ஆளுக்கு 110 சொச்சம். கூட்டணியே இல்லாமல் தனித்தனியாக ஓட்டினாலே 144 கிடைக்கும் என்பதால், அந்த நால்வருக்கும் கூட்டாக இருப்பதில் நட்டமே மிச்சம்; அவர்கள் கலைந்துவிடுவார்கள். ஆகவே விலக நினைக்கும் ஐந்தாமவர், நால்வர் கூட்டு தொடரும் என்றும் அதன் நிழலில் தமக்கு 441 கிடைக்கும் என்றும் கனவு காண முடியாது. தாம் விலகினால் எல்லாம் கலைந்து 144க்கே வந்து நிற்போம் என்பது அவருக்குத் தெரியும். 156.8ஐ விட்டு 144க்குப் போக யாரும் விரும்பமாட்டார்கள். உங்களைப் பிணைத்து வைத்திருப்பது நட்போ நாணயமோ மட்டுமல்ல, இந்தப் பன்னிரண்டு சொச்சம் அலகுகளின் வேறுபாடும்தான். முதலில் விலகியவருக்கு இடம் இருந்தது, இரண்டாமவருக்கு இல்லை.

1983இல் ஸ்டீபன் சலன்ட், ஷெல்டன் ஸ்விட்சர், ராபர்ட் ரெனால்ட்ஸ் ஆகிய மூவரும் இதே மாதிரியில் ஒரு பொதுவிதியைக் கண்டார்கள். துறையிலுள்ள நிறுவனங்களில் குறைந்தது 80 விழுக்காட்டினர் ஒன்றுசேர்ந்தால் ஒழிய, சேர்வதால் அவர்களுக்கு இலாபம் இல்லை. ஆறில் ஐந்து என்பது 83 விழுக்காடு; ஆறில் நான்கு 67 விழுக்காடுதான். பிரான்சிஸ் பிளாக் 1996இல் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுசென்றார். நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தம் முடிவை அறிவித்து, அறிவித்ததிலிருந்து பின்வாங்க முடியாது என்று வைத்துக்கொண்டால், முதலில் பேசுபவர்கள் வெளியே நின்றுகொள்வார்கள். இனி ஒருவர் குறைந்தாலும் கூட்டணி பயனற்றுப் போகும் என்ற நிலை வந்ததும் எஞ்சியவர்கள் சேர்ந்துகொள்வார்கள். உங்கள் ஊரில் நடந்தது ஏறத்தாழ இதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேலே சொன்ன வாதம் முழுவதும், விலகியவருக்குப் பின் எஞ்சியவர்கள் கலைந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. செர்ஜியு ஹார்ட், மோர்டெகாய் கர்ஸ் ஆகிய இருவரும் 1983இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவர் போனால் மற்றவர்கள் உதிரிகளாகிவிடுவார்கள் என்பது ஒரு கருதுகோள். மற்றவர்கள் அப்படியே சேர்ந்திருப்பார்கள் என்பது இன்னொன்று. உங்கள் ஐவரில் எவரேனும், மற்ற நால்வரும் பழக்கத்தினாலோ பிடிவாதத்தினாலோ நட்டப்பட்டாவது கூட்டைத் தொடர்வார்கள் என்று நம்பத் தொடங்கினால், அவருக்கு 441 கண்ணில் தெரியும், அன்றே விலகிவிடுவார்.

கூட்டணி நிலையானதா என்று சோதிக்கப் பொருளியலார் கேட்கும் இரண்டு கேள்விகளையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் எவருக்கும் வெளியேறினால் இலாபம் உண்டா? வெளியே இருக்கும் எவருக்கும் உள்ளே வந்தால் இலாபம் உண்டா? இரண்டுக்கும் இல்லை என்ற பதில் வந்தால் அது நிலையான கூட்டணி. குளோட் தஸ்ப்ரெமோன், அலெக்சி ஜாக்மன், ஜான் காப்ஷெவிட்ஸ், ஜான் வேமார்க் ஆகியோர் 1983இல் இந்த இரு சோதனைகளையும் வகுத்தார்கள். கூட்டணி விலையை நிர்ணயிக்க, வெளியே உள்ள சிறு விற்பனையாளர்கள் அந்த விலையை ஏற்று விற்கும் ஒரு சந்தையில், நிறுவனங்களின் எண்ணிக்கை எண்ணக்கூடிய அளவில் இருக்கும்வரை நிலையான கூட்டணி ஏதேனும் ஒன்று இருந்தே தீரும் என்று அவர்கள் நிறுவினார்கள். விற்பனையாளர்கள் கணக்கற்றுப் பெருகி, ஒவ்வொருவரும் கடுகளவாகிவிட்டால் அந்த முடிவு செல்லாது. தாம் விலகினால் விலை அசையாது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடுவதே காரணம்.

கேள்வி: வெளிப்படையாக விலகுபவரை விடுங்கள். உள்ளேயே இருந்துகொண்டு இரகசியமாக வாடகையைக் குறைத்துக் கூடுதல் நடை ஓட்டுபவரை எப்படிக் கட்டுப்படுத்துவது? கூட்டணிகள் திடீரென்று விலைப் போரில் இறங்குவது ஏன்?
— ஆறாம் படிவப் பொருளியல் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: அதே ஆறு பேரை வைத்தே பார்க்கலாம். எல்லோரும் சேர்ந்து ஆளுக்கு 294 ஈட்டிவரும் மாதத்தில், ஒருவர் மட்டும் சொல்லாமல் தம் நடைகளைப் பெருக்கிக்கொண்டால் அம்மாதம் அவருக்கு ஏறத்தாழ 600 கிடைக்கும். கூடுதல் வரவு 306. குட்டு வெளிப்பட்டுக் கூட்டணி உடைந்தால் எல்லோரும் 144க்குத் திரும்புவார்கள். அதன்பின் மாதந்தோறும் அவருக்கு இழப்பு 150. மறுமாதமே பிடிபடுவதாக இருந்தால், ஏமாற்றிச் சேர்த்ததை இரண்டு மாதத்து இழப்பே ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடும். மூன்றாம் மாதத்தையும் ஒரு பொருட்டாக மதிப்பவர் ஏமாற்றமாட்டார். தொடர்ந்து நடக்கும் ஆட்டத்தில் தண்டனை பற்றிய அச்சமே ஒப்பந்தத்தின் வேலையைச் செய்துவிடும் என்பதை ஜேம்ஸ் ஃபிரீட்மன் 1971இல் கணித வடிவில் காட்டினார்.

ஆனால் பிடிபட நான்கு மாதமாகும் என்றால், 306 நான்கு மடங்காகிறது, கணக்கே தலைகீழாகிவிடுகிறது. ஆகவே ஏமாற்றுவதை எவ்வளவு விரைவில் கண்டுபிடிக்க முடியும் என்பதே கேள்வி என்று ஜார்ஜ் ஸ்டிக்லர் 1964இல் எழுதினார். ஒரு தோட்டப் பட்டணத்தில் இது ஓரளவு எளிது. பழக்குலை லாரிகள் எல்லாம் ஆலை வாசலில் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. முன்னால் நிற்பது யாருடைய வண்டி, இன்று அது எத்தனையாவது முறை எடைப்பாலத்தில் ஏறுகிறது என்பதை ஓட்டுநர்கள் தேநீர் குடித்துக்கொண்டே எண்ணிவிடுவார்கள். எண்ண முடியாதது கைக்குக் கை மாறும் தள்ளுபடி. எடைச்சீட்டில் பேசிய வாடகையே இருக்கும். டீசல் செலவு என்ற பெயரில் ஒரு பகுதி சிறுதோட்டக்காரருக்குத் திரும்பிப் போயிருக்கும்.

விலைப் போருக்கு எட்வர்ட் கிரீன், ராபர்ட் போர்ட்டர் இருவரும் 1984இல் தந்த விளக்கம் ஆழமானது. ஒருவருக்கு வேலை குறைந்தால் அது விளைச்சல் குறைந்ததாலா, தோழர் ஏமாற்றியதாலா என்று அவரால் பிரித்தறிய முடியாது. ஐயத்தின் பலனை எப்போதும் தோழருக்கே கொடுத்தால் ஏமாற்றுவோர் பெருகிவிடுவார்கள். ஆகவே விலை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால், யார் மீது குற்றம் என்று பார்க்காமல், சில காலம் எல்லோரும் போட்டிக்குத் திரும்புகிறார்கள். பிறகு மறுபடியும் கூடுகிறார்கள். இந்த மாதிரியில் ஒருவருமே ஏமாற்றுவதில்லை. இருந்தும் விலைப் போர் வருகிறது. சிகாகோவிலிருந்து கிழக்கு நோக்கித் தானியம் ஏற்றிச் சென்ற அமெரிக்க இரயில்வே நிறுவனங்கள் 1880களில் வெளிப்படையாகவே ஒரு கூட்டணி வைத்திருந்தன. அதன் 1880 முதல் 1886 வரையிலான வாராந்தரக் கணக்குகளைப் போர்ட்டர் ஆராய்ந்தபோது, கூடுவதும் குலைவதுமாக இதே போக்கைக் கண்டார். மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போது, விலைப் போரைக் கண்டதும் கூட்டணி செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தந்தையார் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். ரப்பர் ஏற்றுமதிக் கட்டுப்பாடு இரண்டு முறை வந்ததாகவும், முதலாவது தோற்று இரண்டாவது நிலைத்ததாகவும் சொல்வார். நீங்கள் சொல்லும் கோட்பாட்டுக்கு அது பொருந்துமா?
— ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: பொருந்துகிறது. நம் முன்னோர் வியர்வை சிந்திய ரப்பரே இக்கோட்பாட்டுக்கு மிகச் சிறந்த சான்று என்பேன்.

முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை படுத்துவிட்டது. அப்போது பிரிட்டனின் குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். அதன் திட்டம் 1922 நவம்பர் 1ஆம் தேதி மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அடிப்படை உற்பத்தி அளவு குறிக்கப்பட்டது. அதில் குறிப்பிட்ட விழுக்காடு வரைதான் குறைந்த வரியில் ஏற்றுமதி செய்யலாம். தொடக்கத்தில் அது 60. உலக உற்பத்தியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இவ்விரு நாடுகளிடம் இருந்ததால், டச்சுக்காரர்கள் சேராவிட்டாலும் சமாளிக்கலாம் என்று லண்டனில் நினைத்தார்கள். டச்சுக்காரர்களும் சேரவில்லை. உங்கள் ஊர் ஆறாம் லாரிக்காரரின் இடத்தில் அன்று டச்சுக்காரர் ஆண்ட நெதர்லாந்துக் கிழக்கிந்தியத் தீவுகள் (இன்றைய இந்தோனேசியா) நின்றன.

விலை உயராமல் இல்லை. 1925இல் லண்டனில் ஒரு பவுண்டு எடை ரப்பர் 4 ஷில்லிங்குக்கும் மேலே போனது. அந்த உயர்வே திட்டத்துக்கு எமனானது. சுமத்திராவிலும் போர்னியோவிலும் உள்ளூர் விவசாயிகள் கட்டுப்பாடு ஏதுமின்றி ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அமெரிக்கத் தொழிற்சாலைகள் பழைய ரப்பரைக் கரைத்து மறுபடி பயன்படுத்தின. ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1926இல் லைபீரியாவில் நிலம் பெற்றது. ஃபோர்டு 1927இல் பிரேசிலுக்குப் போனார். ஏற்கெனவே வெளியே நின்றவர்கள் வளர்ந்தது போதாதென்று, உயர்ந்த விலை புதிய வெளியாட்களையும் உண்டாக்கியது. உலகச் சந்தையில் மலாயா, இலங்கையின் பங்கு சரிந்துகொண்டே வர, 1928 அக்டோபர் முடிவோடு திட்டம் கைவிடப்பட்டது.

ரப்பர் மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். 1925இன் விலையைப் பார்த்து நட்ட மரங்கள் பால் தரத் தொடங்கியபோது உலகம் பெருமந்தத்தில் கிடந்தது. 1932இல் விலை 2 பென்ஸுக்கும் கீழே போய்விட்டது. அதன் பிறகுதான் டச்சு அரசு பேச்சுக்கு வந்தது. 1934 மே மாதம் கையெழுத்தான அனைத்துலக ரப்பர் ஒழுங்குமுறை ஒப்பந்தத்தில் மலாயா, இலங்கை, இந்தியா, பர்மா, வட போர்னியோ, சரவாக், டச்சுத் தீவுகள், பிரெஞ்சு இந்தோசீனம், சயாம் எல்லாமே அடங்கின. உலக ஏற்றுமதியில் ஏறத்தாழ முழுமையும் உள்ளே வந்துவிட்டதால், பெரும் பங்காளிகளில் எவர் போனாலும் எல்லாம் குலையும் என்ற நிலை உருவானது. புதிதாக நடுவதையே தடைசெய்து, புதிய வெளியாள் முளைக்கும் வழியையும் உறுப்பு நாடுகளுக்குள் அடைத்தார்கள். இரண்டு சோதனைகளிலும் அது தேறியது; போர் வரும்வரை நிலைத்தது.

நிலையானது என்பதால் நியாயமானது என்று கொள்ளக் கூடாது. ஏற்றுமதிப் பங்கீட்டை வகுத்தவர்களிடையே தோட்ட நிறுவனங்களின் குரலே ஓங்கியிருந்தது. மலாயாவின் சிறுதோட்டக்காரர்களுக்கு அவர்களின் உண்மையான உற்பத்தித் திறனைவிடக் குறைவாகவே பங்கு குறிக்கப்பட்டது என்று பீட்டர் பவர் என்ற பொருளியலார் போருக்குப் பின் விரிவாக எடுத்துக்காட்டினார். டச்சுத் தீவுகளின் சிறு விவசாயிகளை முதலில் கடுமையான ஏற்றுமதி வரியைக் கொண்டே அடக்கினார்கள். பால் வெட்டிய தமிழர்களோ இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் பங்காளியாக இல்லை. மந்தத்தில் விலை விழுந்தபோது அவர்களைப் பெருந்தொகையாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கூட்டணிக் கோட்பாட்டின் சமன்பாடுகள் மேசையில் உட்கார்ந்தவர்களின் இலாபத்தை மட்டுமே எண்ணுகின்றன. படிக்கும்போது இதை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்றைய நிலையையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மலேசியாவும் 2001இல் முத்தரப்பு ரப்பர் மன்றம் ஒன்றை அமைத்து, அவ்வப்போது ஏற்றுமதியைக் குறைத்து வந்திருக்கின்றன. அதே காலத்தில் வியட்நாமும் ஐவரி கோஸ்ட்டும் பெரிய ரப்பர் நாடுகளாக வளர்ந்துவிட்டன.

கேள்வி: அப்படிப் பார்த்தால் தோட்டத் தொழிலாளர் சங்கமும் ஒரு கார்ட்டெல்தானா? உழைப்பின் விலையை எல்லோரும் சேர்ந்துதானே பேசுகிறார்கள்?
— பால்மரத் தொழிலாளி ஒருவரின் மகள், சுங்கை சிப்புட்

பதில்: அமைப்பில் ஓர் ஒற்றுமை உண்டு. கூட்டு ஒப்பந்தத்தின் பயன் சங்கத்தில் சேராத தொழிலாளிக்கும் கிடைக்கும். சந்தாவும் கட்டாமல், முதலாளியின் கோபத்துக்கும் ஆளாகாமல் அவர் பயனை மட்டும் பெறலாம். ஆகவே வெளியே நிற்கும் ஆசை இங்கும் உண்டு. சங்கங்கள் எப்போதும் உறுப்பினர் சேர்க்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதன் காரணமும் இதுவே.

இருந்தாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது எதிரே தனித்தனி முதலாளிகள் நிற்கவில்லை. முதலாளிகளும் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வேலையோடு குடியிருக்கும் லயத்து வீடும் முதலாளியுடையது என்ற நிலையில், தனி ஒரு தொழிலாளி பேரம் பேச வழியே இல்லை. மலேசியாவின் போட்டிச் சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்கிறது. முதலாளிக்கும் தொழிலாளருக்கும் இடையிலான கூட்டுப் பேரமும் கூட்டு ஒப்பந்தமும் அச்சட்டத்தின் தடையிலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றன.

சட்டம் பற்றி, லாரி உரிமையாளருக்கு:

2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே தொழிலில் போட்டியிடுவோர் விலையை முடிவு செய்வதையும் உற்பத்தியையோ சேவையையோ குறைக்க உடன்படுவதையும் அதன் 4ஆம் பிரிவு தடைசெய்கிறது. எழுத்தில் இல்லை, வாய்ப்பேச்சுத்தான் என்பது தப்பும் வழியாகாது. சிறியவர்கள் என்பதும் ஆகாது. மலேசியப் போட்டி ஆணையத்தின் முதல் தீர்ப்பே 2012இல் கேமரன் மலைப் பூ வளர்ப்போர் சங்கத்தைப் பற்றியதுதான். விலையை 10 விழுக்காடு உயர்த்த உடன்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. ஐஸ் கட்டித் தயாரிப்பாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் விலை உயர்வைக் கூட்டாக முடிவு செய்து, செய்தித்தாளில் விளம்பரமும் கொடுத்து, 2015இல் அபராதம் கட்ட நேர்ந்தது. அபராதம், மீறல் நடந்த காலத்து மொத்த விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை போகலாம்.

இதில் உங்கள் கணக்கையே மாற்றும் ஒரு பிரிவு உண்டு. 41ஆம் பிரிவின்படி, மீறலை ஒப்புக்கொண்டு ஆணையத்துக்கு உதவுபவருக்கு அபராதம் 100 விழுக்காடு வரை தள்ளுபடியாகலாம். முதலில் வருபவருக்கே சலுகை அதிகம். வெளியேறினால் 144, உள்ளே இருந்தால் 156.8 என்று மேலே நான் போட்ட கணக்கில், உள்ளே இருப்பவர் தலைமேல் அபராத ஆபத்தையும், முதலில் வெளியேறுபவர் கையில் அந்தத் தள்ளுபடியையும் சேர்த்துப் பாருங்கள். பன்னிரண்டு அலகு வேறுபாடு இதைத் தாங்காது. சட்டம் வேண்டுமென்றே கூட்டணியின் உட்புற நிலைத்தன்மையைக் குறிவைத்து இப்படி எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே வாடகை பற்றியும் நடைகள் பற்றியும் மற்ற நால்வரோடு பேசுவதை இன்றே நிறுத்துங்கள். உங்கள் வாடகையை நீங்களே தனியாக முடிவு செய்யுங்கள். போட்டிச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள். போகும்போது நீங்கள் ஐவரும் கைப்பேசியில் பகிர்ந்துகொண்ட செய்திகளை அழித்துவிடாமல் அப்படியே கொண்டுபோங்கள். விசாரணையைத் தடுக்கும் நோக்கில் பதிவுகளை அழிப்பது அதே சட்டத்தில் தனிக் குற்றம்.